என் மனுவுக்கு நானே எண் போட்டேன்

ஒன்றிய அலுவலக ஓய்வூதியர்:

அலுவலகத்தில் நடந்த முறைகேட்டை மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, அது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். உங்கள் பெயர் எந்த இடத்தில் வெளியே வந்தது? அதைச் சொல்லுங்கள். என் கதையை முதலில் வைக்கிறேன்.

2010இல் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். ஒரு சிறுபாலத்துக்கு இரண்டு பில் போயிருந்தது. ஒன்றில் 'பெருமாள் கோயில் அருகில்', மற்றொன்றில் 'ஊருணிக்குத் தெற்கே'. நிதி வேறு, அளவீட்டுப் புத்தகம் வேறு, அளவு மட்டும் ஒரு சென்டிமீட்டர் பிசகாமல் ஒன்று. சந்தேகம் வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய்ப் பார்த்தேன். கோயிலுக்கும் ஊருணிக்கும் நடுவே ஓடுவது ஒரே வாய்க்கால். அதன்மேல் இருந்தது ஒரே பாலம். கைப்பிடிச் சுவரின் இந்தப் பக்கம் ஒரு கல்வெட்டு, அந்தப் பக்கம் ஒரு கல்வெட்டு.

மாவட்ட ஆட்சியருக்கு மூன்று பக்கம் கையால் எழுதினேன். பெயரும் பதவியும் போட்டு, 'பெயரை இரகசியமாக வைத்திருக்கும்படி வேண்டுகிறேன்' என்பதன் கீழே ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டேன். மொட்டைக் கடிதமாகப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மொட்டைக் கடிதம் எந்தக் கூடைக்குப் போகும் என்பதை இருபது வருடத்துக்கு மேல் பார்த்தவன் நான்.

பன்னிரண்டாம் நாள். தபால் பிரிக்க வேண்டியவர் விடுப்பு, அதனால் அன்று என் மேஜையில் தபால். ஆட்சியர் அலுவலக உறை ஒன்று. பிரித்தால் 'பொருள்' என்ற இடத்தில் பாலம், 'பார்வை' என்ற இடத்தில் என் பெயர், என் பதவி, 'என்பாரின் மனு', நாள். பின்னால் என் மூன்று பக்கமும் அசலாகவே இணைப்பு. நான் கோடு போட்ட வரியின் ஓரத்தில் யாரோ சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள், படித்ததற்கு அடையாளமாக. கடைசியில் வழக்கமான வரி: 'உரிய விசாரணை மேற்கொண்டு அறிக்கை அனுப்பக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.' யாரைப் பற்றி எழுதினேனோ அந்த வட்டார வளர்ச்சி அலுவலருக்கே (பி.டி.ஓ.) கடிதம்.

வந்த தபாலைப் பதியாமல் விட முடியாது. தன்பதிவேட்டில் ஏற்றினேன். என் மனுவுக்கு நானே ந.க. எண் (கோப்பு எண்) போட்டேன்.

மாலையில் பி.டி.ஓ. கூப்பிட்டார். திட்டவில்லை, உட்காரச் சொன்னார். "உங்கள் பிரிவுக் கோப்புதானே, வரைவை நீங்களே வையுங்கள்" என்றார். வைத்தேன். 'மனுவில் கண்டுள்ள விவரங்கள் உண்மைக்குப் புறம்பானவை என அறியப்படுகிறது' என்று என் கையாலேயே எழுதினேன். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு மாதம் கழித்து 'நிர்வாக நலன் கருதி' 90 கிலோமீட்டர் தள்ளி மாறுதல் வந்தது.

ஒரு புள்ளி:

ஐயா, உங்கள் பெயரைப் 'பார்வை' காட்டிக்கொடுத்தது. என்னைக் காட்டிக்கொடுத்தது ஒரு புள்ளி.

பொதுத்துறை வங்கி ஒன்றில் அதிகாரியாக இருந்தேன். நகைக்கடனில் கோளாறு. மத்திய அரசு ஊழியர், பொதுத்துறை நிறுவனம், வங்கி ஆகியவற்றுக்கு மத்திய அரசின் 2004ஆம் ஆண்டுத் தீர்மானப்படி ஒரு வழி இருக்கிறது. புதுதில்லியில் உள்ள மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் செயலாளர் பெயருக்கு ஒட்டிய உறையில் அனுப்ப வேண்டும். உறைமேல் 'பொதுநலன் கருதிய வெளிப்படுத்தல்' என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அனுப்புநர் பெயர் உறையில் இருக்கக் கூடாது, உள்ளே இருந்தே ஆக வேண்டும். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வராது. எழுதியது நீங்கள்தானா என்று உறுதிசெய்யக் கேட்டு மட்டும் ஒரு கடிதம் வரும்.

தபால் நிலையத்திலேயே முதல் சோதனை. முகவரி இல்லாமல் ஸ்பீடு போஸ்ட் பதிய முடியாது என்றார் கவுன்டரில் இருந்த அம்மா. இந்த வகை உறைக்கு அனுப்புநர் முகவரி கேட்க வேண்டாம் என்று அஞ்சல் துறை சுற்றறிக்கையே விட்டிருக்கிறது என்றேன். அவர் எழுந்து போஸ்ட் மாஸ்டரிடம் போனார். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில். "என்ன சார், மொட்டைப் பெட்டிஷனா?" என்றார் ஒருவர். இரகசியம் அங்கேயே பாதி போயிற்று. சொந்த ஊர் தபால் நிலையத்துக்குப் போனது என் மடத்தனம்.

ஆணையத்திலிருந்து என் பெயர் வெளியே வரவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஆனால் நான் இணைத்த பதிவேட்டு நகலில் சரிபார்த்த குறிகள் இருந்தன. எனக்கு டிக் போட்டால் அதன் கீழே ஒரு புள்ளி வைக்கும் பழக்கம். விசாரணைக்கு அந்த நகல் கிளைக்கு வந்தது. காசாளர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாராம். அன்று நான் விடுப்பு. மறுநாள் கேன்டீனில் என் மேஜைக்கு யாரும் வரவில்லை. எழுதியவர் யார் என்று ஊகிக்க இடம் தராமல் வாசகத்தை எழுதுங்கள் என்று ஆணையத்தின் குறிப்பிலேயே இருக்கிறது. வாசகத்தை அப்படித்தான் எழுதினேன். புள்ளியைக் கவனிக்கவில்லை.

ஆற்றங்கரை வி.ஏ.ஓ.:

உங்கள் இருவருக்கும் மறைப்பதற்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. எங்களுக்கு அதுவும் இல்லை. மணல் அள்ளினால் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது எங்கள் வேலை. முதல் தகவல் அறிக்கையில் புகார்தாரர் என்ற இடத்தில் கிராம நிர்வாக அலுவலரின் பெயர்தான் ஏறும். அதைப் பார்க்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை, எதிராளியின் வக்கீல் கையில் நகல் இருக்கும்.

தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் வி.ஏ.ஓ.வாக இருந்த லூர்து பிரான்சிஸ் என்ன செய்தார்? தாமிரபரணியில் மணல் அள்ளியதைப் பற்றிப் புகார் கொடுத்தார். 2023 ஏப்ரல் 25 அன்று பட்டப்பகலில், அலுவலக நாற்காலியில் இருந்தவரை இரண்டு பேர் வந்து வெட்டினார்கள். செப்டம்பரிலேயே இருவருக்கும் ஆயுள் தண்டனை. வேகமான தீர்ப்புதான், மறுக்கவில்லை. வெட்டுவதற்கு முன்னால் அவருக்கு என்ன காவல் இருந்தது என்பதுதான் என் கேள்வி.

செய்தி வந்த மறுநாள் என் அலுவலகத்தில் நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டேன், வாசல் தெரிகிற மாதிரி. பீரோவைத் திறக்க ஒவ்வொரு முறையும் நாற்காலியை நகர்த்த வேண்டியிருக்கிறது. இன்னும் மாற்றவில்லை. வேட்டி மடித்துக் கட்டிய ஆள் யார் வாசல்படி ஏறினாலும் முதலில் கையைத்தான் பார்க்கிறேன். பெரும்பாலும் சாதிச் சான்றிதழ் விண்ணப்பம்தான் இருக்கும்.

பெயர் வேண்டாம்:

மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். என்மீது ஒரு பெட்டிஷன் வந்தது. எழுதியவர் எனக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். 17பி குறிப்பாணை (துறை ரீதியான குற்றச்சாட்டு) நிலுவையில் இருந்ததால் பதவி உயர்வுப் பட்டியலில் இரண்டு வருடம் என் பெயர் வரவில்லை, அவர் பெயர் வந்தது. குற்றச்சாட்டு நிரூபணம் ஆகவில்லை என்று முடித்தார்கள். பெட்டிஷன் எழுதுகிறவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று பேச வேண்டாம்.

ஒன்றிய அலுவலக ஓய்வூதியர்:

'பெயர் வேண்டாம்' சொல்வது நியாயம். அப்படி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் விஷயத்தை ஒழுங்காக விசாரித்து முடிக்க ஒரு மாதம் போதும். இரண்டு வருடம் கிடப்பில் போட்ட அதே மேஜைதான் என் மனுவைப் பன்னிரண்டே நாளில் பி.டி.ஓ.வுக்கு அனுப்பியது.

நம் மொழியில் இதற்கு ஒரு நல்ல சொல் கிடையாது. 'காட்டிக்கொடுத்தவன்' என்றால் எட்டப்பன் வரிசை. அலுவலகத்தில் எனக்கு வைத்த பெயர் 'பெட்டிஷன் பார்ட்டி'. மாறுதலாகிப் போன இடத்துக்கு நான் போய்ச் சேருமுன் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது.

பெயர் கசிவது என்றால் எனக்குச் சத்யேந்திர துபேதான் நினைவுக்கு வருவார். தங்க நாற்கரச் சாலைப் பணியில் பொறியாளர். 2002இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை வெளியிட வேண்டாம் என்று அவரும் கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு மேஜை மேஜையாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அதிகாலை கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காக நடந்த கொலை என்று சிபிஐ முடிவு சொன்னது, மூவருக்கு ஆயுள் தண்டனையும் கிடைத்தது. கொலைக்குக் காரணம் எதுவாகவும் இருக்கட்டும், அந்தக் கடிதம் பெயரோடு சுற்றியதற்கு என்ன காரணம்? 'ஒரு புள்ளி' சொல்லும் 2004ஆம் ஆண்டுத் தீர்மானம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

பயிற்சி முடிக்காதவன்:

வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, மாநில அரசுத் துறை. 2014இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்ததாகப் போட்டித் தேர்வுக்குப் படித்தேன். அதன்கீழ் கொடுக்கலாமா? பெயர் போட்டுத்தான் கொடுக்க வேண்டுமா?

ஒரு புள்ளி:

தம்பி, அது தேர்வுக்கு மட்டும்தான் உதவும். 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வரவில்லை. 2015இல் திருத்த மசோதா கொண்டுவந்தார்கள், அதுவும் காலாவதியாகிவிட்டது. அந்தச் சட்டத்திலும் பெயர் போடாத புகாரை எடுக்க மாட்டார்கள். பொய் என்று தெரிந்தே கொடுத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்றும் இருக்கிறது. நான் போன தில்லி வழி மாநில அரசு ஊழியர் விஷயத்துக்குப் பொருந்தாது. உங்களுக்கு ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை, அல்லது லோக் ஆயுக்தா. லஞ்சம் கேட்டார்கள் என்றால் முதலாவது இடத்துக்கே போங்கள், பவுடர் தடவிய நோட்டோடு கூடவே வருவார்கள். கோப்பில் நடந்த முறைகேடு என்றால் காலம் பிடிக்கும்.

ஒன்றிய அலுவலக ஓய்வூதியர்:

உங்கள் துறை வழியாக மட்டும் எழுதாதீர்கள், மேலே போவது எல்லாம் கீழே இறங்கும். கையால் எழுத வேண்டாம். உங்கள் பிரிவில் மட்டும் இருக்கும் தாளை இணைக்க வேண்டாம், அதன் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டால் போதும், வேண்டுமென்றால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். வேறு ஊரில் தபாலில் சேருங்கள், ரசீதை வீட்டில் வைக்காதீர்கள்.

கையால் எழுத வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. ஓய்வு பெற்ற மறு வருடம், 2014இல், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தக் கோப்பைக் கேட்டேன். நான் போட்ட ந.க. எண் மனப்பாடமாக இருந்தது. பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி நகல் வாங்கினேன். பொதுத் தகவல் அலுவலர் கவனமானவர் போலிருக்கிறது, மனுதாரரின் பெயரை எல்லாப் பக்கத்திலும் கறுப்பு மையால் அழித்து அனுப்பியிருந்தார். முதல் மூன்று பக்கம் மனு. நான்காவது பக்கம், மனு உண்மைக்குப் புறம்பானது என்ற வரைவு. பேரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அப்போது அவனுக்கு இரண்டாம் வகுப்புக்கூட இல்லை. தாள்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நீங்கள் எழுதியதா தாத்தா?" என்றான்.