சாம்பல் புதனுக்குச் சாம்பல் தயாரிப்பது எப்படி?

கேள்வி (கும்பகோணம்): எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று பூசும் ஓலைச் சாம்பல் நெற்றியில் நிற்காமல் உதிர்கிறது. சிலருக்கு எரிச்சலும் வருகிறது. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: தண்ணீர் விட்டுக் குழைத்தீர்களா? ஓலைச் சாம்பலில், சுண்ணாம்பில் இருப்பது போன்ற காரம் உண்டு. நீர் பட்டால் தோலை அரிக்கும். ஒரு தேக்கரண்டிச் சாம்பலுக்குத் தேங்காய் எண்ணெய் நாலைந்து சொட்டு போதும்.

பதில்: போன வருடக் குருத்தோலை ஞாயிற்றில் (ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு) ஏந்திய ஓலையைத்தானே எரிக்கிறீர்கள்? டெல்டா ஈரத்தில் பூசணம் பிடித்திருக்கும், நன்றாக வெயிலில் காயவையுங்கள். ஈர்க்கை உருவிவிடுங்கள், அதன் துணுக்கு தோலைக் கீறும். நறுக்கி, இரும்புச் சட்டியில், வெட்டவெளியில் எரியுங்கள். வெளுக்கும்வரை எரியவிடாதீர்கள். கரியானதும் மூடிபோட்டு அணைத்தால் கறுப்பாகவே இருக்கும். நெற்றியில் தெரிவது அதுதான், காரமும் குறைவு. ஆறியதும் இடித்து மல்துணியில் சலியுங்கள்.

பதில்: மிஞ்சியதைத் தயவுசெய்து சாக்கடையில் கொட்டாதீர்கள். ஆலய வளாகத்து மண்ணில் புதையுங்கள்.