முதலாண்டு எம்பிபிஎஸ்: தலைமைப் பயிற்சிக்கு மதிப்பீட்டுத் தாள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். 2019இல் வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டம் மருத்துவருக்கு ஐந்து பொறுப்புகளைச் சொன்னது. மருத்துவக் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இருப்பது அதில் ஒன்று. இதை விரிவுரையாக நடத்தினால் தூங்கிவிடுவார்கள். அதனால் சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி, மூச்சு கொடுக்கும் முதலுதவி) பயிற்சியோடு சேர்த்திருக்கிறோம்.

ஆறு பேர் ஒரு குழு: மார்பை அழுத்த இருவர், மூச்சுக்கு ஒருவர், ஏஇடி கருவிக்கு (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுப்பது) ஒருவர், நேரம் பார்க்க ஒருவர், தலைவர் ஒருவர். அழுத்துபவரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது தலைவர் வேலை. ஆனால் பதற்றத்தில் தலைவரே பயிற்சிப் பொம்மைமேல் கைவைத்துவிடுகிறார்; அதன்பின் கடிகாரமும் தெரியாது, அழுத்தத்தின் ஆழம் குறைவதும் தெரியாது. இன்னொன்று, "யாராவது ஏஇடி எடுத்துட்டு வாங்க!" என்பார் தலைவர்; ஒருவரும் நகரமாட்டார்கள். பெயர் சொல்லிக் கேட்கவும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லவும் பழக்க வேண்டியிருக்கிறது.

எல்லோரும் ஒருமுறை தலைவராக வேண்டும். ஒவ்வொரு தலைவருக்கும் பயிற்சி 4 நிமிடம், பிறகு அதைப் பற்றிப் பேச 6 நிமிடம். 150 பேர், 25 குழு, 4 பொம்மை என்றால் ஏழு மணி நேரம். நேரம் இழுத்தால் வெட்டுப்படுவது அந்த 6 நிமிடம்தான். கற்பதோ பெரும்பாலும் அங்கேதான்!

இதைச் சுருக்க வழி உண்டா? சத்தமாகப் பேசுபவருக்கே மதிப்பெண் போகாதபடி, ஒரே பக்கத்தில் மதிப்பீட்டுத் தாள் வைத்திருப்பவர்கள் படம் எடுத்துப் போடுங்கள். செவிலியர் ஆசிரியர்களை மதிப்பீட்டாளராக வைத்தவர்கள், மாணவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொல்லுங்கள்.