ஸ்ட்ராங்பேக்: ‘தாங்குசட்டம்’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். படகு கட்டும்போது அதைத் தாங்கி நிற்கிற தற்காலிகச் சட்டத்தை ஆங்கிலத்தில் ஸ்ட்ராங்பேக் (strongback) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பது பற்றி நண்பர்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> பணிமேசை என்றாலே போதுமே, புதுச் சொல் எதற்கு?

போதாது ஐயா. பணிமேசை லேசாக ஆடினால் காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்து வேலையை ஓட்டிவிடலாம். இதில் அது நடக்காது. வீட்டில் கட்டும் சிறு மரப்படகைப் பெரும்பாலும் கவிழ்த்து வைத்துத்தான் கட்டுகிறார்கள். நீளவாக்கில் இரண்டு சட்டம், இடையிடையே குறுக்குச் சட்டம். அதன்மேல், படகின் குறுக்குவெட்டு வடிவில் அறுத்த பலகைகள் வரிசையாக நிற்கும். அவற்றின்மேல்தான் படகின் உடம்பு வளைந்து ஒட்டப்படுகிறது. கீழே சட்டம் முறுக்கியிருந்தால் படகும் அதே முறுக்கோடு இறுகிவிடும். அப்புறம் தண்ணீரில் விட்டால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும்.

காட்பாடியில் என் மைத்துனர் மொட்டை மாடியில் 12 அடிப் படகுக்கு இதைத்தான் அமைத்துக்கொண்டிருக்கிறார். (பாலாற்றுக்காரனுக்குப் படகு எதற்கு என்று கேட்காதீர்கள்; 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.) மாடித் தளம் மழைநீர் வடிய வாட்டம் வைத்துப் போட்டது, அதை நம்ப முடியாது. கால்களுக்கு ஆப்பு கொடுத்து, டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்து நான்கு மூலையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நூல் கட்டினார். நடுவில் இரண்டும் தொட்டும் தொடாமலும் உரச வேண்டும். இடைவெளி தெரிந்தாலோ, ஒன்று மற்றதை அமுக்கினாலோ சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நம் ஊர் சித்திரை வெயிலில் காயாத மரம் கோணிக்கொள்ளும் என்பதால், காலையில் சரியாக இருந்ததை மாலையில் மறுபடி பார்க்கிறார்.

> ‘வன்முதுகு’?

வேண்டாமே. வைத்தியரிடம் சொல்கிற நோய் மாதிரி இருக்கிறது.

> ‘ஏணிச்சட்டம்’?

பார்க்க ஏணிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ப்ளைவுட்டில் நீளமான பெட்டியாகச் செய்து அதன்மேல் கட்டுகிறவர்களும் உண்டு. அங்கே ஏணி எங்கே இருக்கிறது?

‘அடிச்சட்டம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். லாரியின் அடிச்சட்டம் லாரியோடே ஓடுகிறது. இதுவோ படகைத் தூக்கியதும் பிரித்து மூலையில் சாத்துவது. படகின் உறுப்புகளுக்குக் கடற்கரையில் ஏரா (அடிமரம்), வங்கு (விலாச்சட்டம்), அணியம் (முன்பக்கம்), அமரம் (பின்பக்கம்) என்று நல்ல சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. உறுப்பல்லாத ஒன்றுக்கு உறுப்பின் சாயலில் பெயர் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆகவே தாங்குசட்டம். வினைத்தொகை, நடுவில் ‘ச்’ போட வேண்டாம். வகை பிரிக்க வேண்டுமானால் ஏணித் தாங்குசட்டம், பெட்டித் தாங்குசட்டம் என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

மேலே நிற்கும் பலகைகளை ‘அச்சு’ என்றால் வண்டியச்சும் அச்சகமும் கூடவே வந்துவிடும். இப்போதைக்கு ‘வடிவப்பலகை’ என்று எழுதி வருகிறேன். ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்.