முன்னேற்றமா, முற்றலா? அல்சைமர் கைநூலுக்கு ஒரு சொல்

வணக்கம்.

மறதி நோயான அல்சைமர் பற்றிய நம் கைநூலில், நோய் படிப்படியாகக் கூடிக்கொண்டு போவதை (disease progression) "நோய் முன்னேற்றம்" என்றே சொல்லட்டும் என்று அக்கா எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மட்டக்களப்பில் ஒரு கிளினிக்கில் பக்கத்தில் நின்று கேட்டதைச் சொல்கிறேன். "அம்மாட வருத்தத்தில முன்னேற்றம் இருக்கு" என்று கிளினிக்கில் சொன்னார்கள். களுவாஞ்சிகுடியிலிருந்து தாயைக் கூட்டி வந்திருந்த மகள் முகம் மலர்ந்து, "அப்ப குளிசையைக் குறைக்கலாமா?" என்று கேட்டா. முன்னேற்றம் என்றால் நம் சனத்துக்குச் சுகமாகி வருவதுதான்.

"வளர்ச்சி"யும் அதே கதை. "முதிர்வு" என்றால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடுவார்கள். "அறளை பேந்திட்டு" (வயசில் புத்தி தடுமாறிவிட்டது) என்று சொல்லி வைத்தியரிடமே போகாத வீடுகள் ஏற்கெனவே நிறைய. "கூடுதல்" பேச்சுக்கு நெருக்கம்தான், ஆனால் "கூடுதல் அளவீடு" என்று எழுதினால் மேலதிக அளவீடு என்றாகிவிடும்.

என் முன்மொழிவு: நோய்முற்றல். "முற்றிட்டு என்றால் கைவிட்ட கேஸ் என்று பயப்படுவார்கள்" என்ற தம்பியின் தடை நியாயமானது. ஆனால் முற்றுவது வேறு, முற்றிவிட்டது வேறு. பிஞ்சு வெண்டிக்காய்க்கும் முற்றலுக்கும் நடுவே பல பதம் உண்டே. கூடவே படியின் இலக்கத்தையும் எழுதிவிட்டால் குழப்பம் வராது. மறதி நோய் எவ்வளவு கடுமை என்று பார்க்கும் சி.டி.ஆர். (Clinical Dementia Rating) அளவுகோலில், நோயில்லாத 0 முதல் கடுமையான 3 வரை, 0, 0.5, 1, 2, 3 என்று ஐந்து படிகள். நினைவு, இடம் நேரம் அறிதல், முடிவெடுத்தல், வெளிவேலை, வீட்டுவேலை, தன்னைப் பராமரித்தல் என்ற ஆறையும் நோயாளியிடமும் கூட இருப்பவரிடமும் விசாரித்துத்தான் படியைத் தீர்மானிக்கிறார்கள். "முற்றல் படி 1" என்றால் லேசான நிலை என்று அந்த மகளுக்கும் விளங்கும்.

நினைவையும் யோசிக்கும் திறனையும் கேள்வி கேட்டு 30 புள்ளிக்குப் பார்க்கும் எம்.எம்.எஸ்.இ. சோதனைக்கு இந்தச் சொல்லை அப்படியே ஒட்ட வேண்டாம். பள்ளிக்கூடம் போகாதவர் நோயில்லாமலே குறைவாக எடுப்பார். இது என்ன பருவம் என்ற கேள்விக்கு "மாரி வெள்ளாமை விதைப்பு" என்று சொல்லும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் அப்பாவுக்குப் புள்ளி கொடுக்கத்தான் வேண்டும். ஒருமுறை எடுத்த புள்ளியில் முற்றல் தெரியாது. போன முறையோடு ஒப்பிட்டால்தான் தெரியும். விற்றமின் பி12, தைரொயிட் குறைபாட்டாலும் மறதி வரும் என்பதால் அந்த இரத்தப் பரிசோதனைகளை நோயறிதல் பகுதியிலேயே சொல்லிவிடுவோம்.

இனி சி.டி.ஆரின் 0.5 படிக்கு, அதாவது நோயா இல்லையா என்று ஐயமான நிலைக்கு, ஒரு பெயர் வேண்டும். "ஐயப்படி" சரிவருமா? குடும்பம் வைத்தியரிடம் வரவேண்டிய நேரம் அதுதான், ஆகவே "ஒன்றுமில்லை" என்று படும் சொல் அங்கே வரக்கூடாது.