புதுப்பிப்பு: மண்டபம் பிள்ளைகளின் இங்கிலீஷ் வகுப்பு

ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் மாலை வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசப் பழக்குகிறேன், ஹாலோவீன், தேங்க்ஸ்கிவிங் என்று வெளிநாட்டுப் பண்டிகைகளில் ஆரம்பித்தால் வாயே திறப்பதில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். "அவங்க ஊர்த் திருவிழாவைப் பேசச் சொல்லுங்க" என்று சிலர் எழுதினீர்கள். செய்து பார்த்தேன்.

முதல் நாள் ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு திருவிழா. அதற்கு இங்கிலீஷில் என்ன சொல் என்று அரை மணி நேரம் சண்டை. கடைசியில் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, அது என்னவென்று இரண்டு வாக்கியத்தில் விளக்குவது என்று முடிவானது. என்னைக் கேட்டால் அந்த விளக்கம்தான் பயிற்சி. பொங்கலை 'ரைஸ்' என்று முடித்துவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது?

இலக்கணமும் கூடவே வந்தது. வருஷா வருஷம் போவதற்கு 'வி கோ', போன வருஷம் போனதற்கு 'வி வென்ட்'. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு அப்பாவோடு படகில் போன பையன் ஒரு 'வென்ட்' கூடத் தப்பவிடவில்லை.

தேங்க்ஸ்கிவிங்கையும் விடவில்லை. அமெரிக்காவில் நவம்பர் நாலாவது வியாழன், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாள் என்றதும், "அப்ப அது அவங்க பொங்கல், சார்" என்றாள் ஒருத்தி. அதையே இங்கிலீஷில் சொல்ல வைத்தேன்.

எழுத்து மட்டும் இன்னும் தேறவில்லை. சரி, ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்பாக்கள் கரையில்தான் இருப்பார்கள். அவர்கள் சின்ன வயதில் பார்த்த திருவிழாவைத் தமிழில் கேட்டு, இங்கிலீஷில் எழுதிவரச் சொல்லப்போகிறேன்.