மகளுக்கு மாதம் ஒன்பது நாள் உதிரப்போக்கு, தாங்க முடியாத வலி. யாருக்காவது அனுபவம் உண்டா?

ராஜபாளையம் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. ஏழாவது படிக்கும்போது வயசுக்கு வந்தாள். முதல் வருஷம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று வந்தது. போகப்போகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன். இப்போது மாதாமாதம் நாள் தவறாமல் வருகிறது, ஆனால் வந்தால் ஒன்பது நாள். முதல் மூன்று நாள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நாப்கின். ராத்திரி பெரிய சைஸ் நாப்கின் இரண்டைச் சேர்த்து வைத்துக்கொள்கிறாள், அப்படியும் பாவாடை நனைந்துவிடுகிறது. அவள் குழந்தையாக இருந்தபோது வாங்கிய ரப்பர் ஷீட்டை அவளே பரணிலிருந்து எடுத்து, மெத்தைமேல் விரித்துப் படுக்கிறாள். கட்டி கட்டியாகவும் போகிறது. முதல் நாள் வலியில் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்துவிடுவாள், இரண்டு நாள் பள்ளிக்கூடம் கிடையாது. மெடிக்கலில் கேட்டு மெஃப்டால் ஸ்பாஸ் பாதி மாத்திரை கொடுக்கிறேன். ஒரு மணி நேரம் கேட்கும், அப்புறம் பழையபடிதான்.

காலாண்டுத் தேர்வில் சமூக அறிவியல் அன்று இரண்டாம் நாள். முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போது பெஞ்சிலேயே பட்டுவிட்டது. எழுந்திருக்கப் பயந்து, எல்லாரும் போகும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி சுடிதாரைத் துவைக்கப் போட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

எனக்கும் கல்யாணத்துக்கு முன்னால் இப்படித்தான். என் அம்மாவுக்கும் இப்படித்தான், 38 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். "நம்ம வீட்டுப் பொம்பளைங்க உடம்புவாகு அது" என்கிறார் அம்மா. மாமியார் உளுந்தங்களி, நல்லெண்ணெய், கருப்பட்டி என்று ஒரு குறையும் வைக்காமல் செய்து கொடுக்கிறார்.

பெண்கள் டாக்டரிடம் கூட்டிப்போகலாமா? கல்யாணமாகாத பிள்ளைக்கு உள்ளே கைவைத்துப் பார்ப்பார்களோ, ஹார்மோன் மாத்திரை கொடுத்துப் பின்னால் பிள்ளை பிறக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. மார்ச்சில் பொதுத் தேர்வு. யாராவது சொல்லுங்கள்.

இரு பெண்களின் தாய், தேனி:

கவலைப்படாதீர்கள் சகோதரி. என் மூத்தவளும் வலியில் துடித்தவள்தான், காலேஜ் போனபின் குறைந்துவிட்டது. வெந்தயத்தை ராத்திரி ஊறவைத்துக் காலையில் மோரோடு கொடுங்கள். சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர், அடிவயிற்றில் வெந்நீர்ப் பை, இரண்டும் என் மகளுக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் அவளுக்கு ஐந்து நாளில் நின்றுவிடும். ஒன்பது நாள், கட்டி கட்டியாக என்பதெல்லாம் நான் பார்த்ததில்லை. அதற்குக் கைவைத்தியத்தோடு நிற்காதீர்கள்.

காரைக்குடிக்காரி:

தங்கச்சி, நீங்கள் எழுதியதில் ஒரு வரியை நான்கு தடவை படித்தேன். "எனக்கும் இப்படித்தான், அம்மாவுக்கும் இப்படித்தான்." எங்கள் வீட்டிலும் இதையே சொல்லித்தான் மூன்று வருஷத்தை வீணாக்கினோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் மகளுக்கு இப்போது 19. அவள் 13 வயதில் வயசுக்கு வந்தாள், அடுத்த மாதமே பத்து நாள் நிற்கவில்லை. ஊரில் ஒரு கிளினிக்கில் "வளரும் வயசு, ஹார்மோன் செட்டாக நாளாகும்" என்றார்கள். அது முழுக்கப் பொய்யில்லை. முதல் இரண்டு மூன்று வருஷம் கருமுட்டை ஒழுங்காக வெளியாகாததால் தேதி முன்னே பின்னே போவதும் சில மாதம் அதிகம் போவதும் பல பிள்ளைகளுக்கு உண்டு. ஆனால் அந்த ஒரே பதிலைப் பிடித்துக்கொண்டு நாங்கள் வேறு எதையும் பார்க்கவில்லை. 16 வயதில் ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது மயங்கி விழுந்தாள். ஹீமோகுளோபின் 6.8. அந்த வயதுக்கு 12 இருக்க வேண்டும். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள்.

அங்கே ஒரு இளம் டாக்டரம்மா, கர்ப்பப்பையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சின்ன வயசில் மூக்கில் ரத்தம் வருமா?" என்றார். வரும், வெயில் காலத்தில், சூடு என்று நெற்றியில் ஈரத்துணி போடுவோம் என்றேன். "பல் துலக்கினால் ஈறில் வருமா? இடித்துக்கொள்ளாமலே தொடையில் நீலமாகக் கன்றுமா? வீட்டில் யாருக்காவது பல் பிடுங்கினபோதோ பிரசவத்திலோ ரத்தம் நிற்காமல் போயிருக்கிறதா?" நான் என் பக்கத்தை யோசித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர், "எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கி இரண்டு நாள் நிற்கவில்லை" என்றார்.

வான் வில்லிபிராண்ட் என்று ஒரு நோய். ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு புரதம் பிறவியிலேயே குறைவாக இருக்கும், அல்லது சரியாக வேலை செய்யாது. ரத்தம் எளிதில் உறையாத இன்னொரு பிறவி நோயான ஹீமோபீலியா மாதிரி, ஆண்களுக்குத்தான் அதிகம் வரும் என்று இல்லை. அம்மா வழியிலும் வரும், அப்பா வழியிலும் வரும். ஆண்களுக்குப் பல் பிடுங்கும்வரை தெரியாமலே போகலாம், பெண்ணுக்கு மாதாமாதம் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் நான் தேடிப் படித்தேன். பின்லாந்தை ஒட்டிய தீவுகளில் ஒரு குடும்பத்தைப் பார்த்துத்தான் 1926-ல் வான் வில்லிபிராண்ட் என்ற டாக்டர் இதை எழுதினார். அவரிடம் ஐந்து வயதில் காட்டிய சிறுமி, 13 வயதில், தன் நான்காவது மாதவிலக்கில் ரத்தம் நிற்காமலே இறந்துபோனாள். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை, எழுந்து எழுந்து மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் மகளுக்கும் இதுதான் என்று சொல்லவில்லை. தைராய்டாக இருக்கலாம், சினைப்பையில் நீர்க்கட்டி என்கிறார்களே, அந்தப் பிசிஓடியாக இருக்கலாம், வெறும் வளர்ச்சிக் காலமாகவும் இருக்கலாம். ஆனால் இந்த வயதில் இவ்வளவு அதிகம் போகும் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவர்வரை ரத்தம் உறைவதில் ஏதோ ஒரு கோளாறு இருக்கக்கூடும் என்று டாக்டரம்மா சொன்னார். உங்கள் அம்மாவின் கர்ப்பப்பையை எதற்காக எடுத்தார்கள்? அதில் கட்டி வளர்ந்திருந்ததா, இல்லை ரத்தம் நிற்கவே இல்லை என்று எடுத்தார்களா? உங்கள் பிரசவம் எப்படி இருந்தது? இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். உடம்புவாகு என்று அம்மா சொல்வதுதான் டாக்டருக்கு வேண்டிய துப்பு.

இன்னொன்று, எண்ணுங்கள். "ரொம்பப் போகுது" என்றால் எல்லா டாக்டரும் தலையாட்டுவார்கள். எங்களுக்கு ஒரு கணக்கு சொல்லிக்கொடுத்தார்கள். லேசாகப் பட்ட நாப்கினுக்கு 1, பாதி நனைந்ததற்கு 5, முழுக்க நனைந்ததற்கு 20. சின்ன ரத்தக் கட்டிக்கு 1, ஏறக்குறைய இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்குமேல் இருந்தால் 5. ஒரு தடவைக்கு மொத்தம் 100 தாண்டினால் அதிகம் என்று அர்த்தம். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என் மகள் கோடு கோடாகப் போட்டாள். முதல் மாதம் 310. அந்தத் தாள்களை மேஜையில் வைத்தபின் எங்களிடம் யாரும் வளரும் வயசு என்று சொல்லவில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஒரு விஷயம். அந்தப் புரதத்தின் அளவு காய்ச்சல், பதற்றம், ஹார்மோன் மாத்திரை இதிலெல்லாம் ஏறிவிடும். ஒரு தடவை நார்மல் என்று வந்தாலும் சந்தேகம் இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். என் மகளுக்கு இரண்டாவது தடவைதான் தெரிந்தது. ஹார்மோன் மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்பே எடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள். சின்ன லேபில் இது நடக்காது. வேலூர் சி.எம்.சி மாதிரி ரத்தவியல் துறை இருக்கும் இடத்துக்கோ, ஹீமோபீலியாவுக்குப் பார்க்கும் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ எழுதிக்கொடுப்பார்கள்.

இப்போது அவளுக்கு அந்த நாட்களில் மட்டும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை. அது ஹார்மோன் இல்லை, உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் பிடித்துவைக்கிறது. ஒன்பது பத்து நாள் ஆறு நாளாகிவிட்டது. மெஃப்டால் அவளுக்குக் கூடாது, ஆஸ்பிரினும் கூடாது, வலிக்குப் பாரசிட்டமால்தான். உங்கள் மகளுக்கும் சோதனை முடியும்வரை மெஃப்டாலை டாக்டரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

திருச்சி ஸ்டாஃப் நர்ஸ்:

அக்கா, காரைக்குடி அக்கா சொன்னதை அப்படியே பின்பற்றுங்கள். உங்கள் பயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு உள்ளே கைவைத்துப் பார்க்கத் தேவை வருவதில்லை. தண்ணீர் நிறையக் குடிக்கவைத்து, சிறுநீர் முட்டியதும் வயிற்றின்மேல் ஸ்கேன் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ரத்தத்தில் தட்டணுக்களோடு சேர்த்து முழு எண்ணிக்கை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, ரத்தம் உறையும் நேரம். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் எழுதலாம். அதிக ரத்தப்போக்கு என்று வரும் எல்லாருக்கும் எழுதுவதுதான், உங்கள் பிள்ளையைச் சந்தேகப்படுவதாகக் கோபப்படாதீர்கள். டாக்டர் அவளிடம் தனியாக ஐந்து நிமிஷம் பேச விரும்பினால் விடுங்கள். பெஞ்சில் பட்டதை உங்களிடமே சொல்லாத பிள்ளை அவள்.

ஹார்மோன் மாத்திரையால் பின்னால் பிள்ளை பிறக்காமல் போகாது. நிறுத்தினால் உடம்பு தன் வழக்கத்துக்குத் திரும்பிவிடும். இந்தப் பயத்தாலேயே எட்டு, ஏழு ஹீமோகுளோபினோடு வரும் பிள்ளைகளைத்தான் வார்டில் பார்க்கிறேன், மனசு வலிக்கிறது.

வலி எப்படி வருகிறது என்றால், கர்ப்பப்பையின் உட்சுவர் கழன்று வரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து தசையை இறுக்கிப் பிழிகிறது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் அதனால்தான். மெஃப்டால் அந்தச் சுரப்பைத் தடுக்கும் மருந்து, அதனால் வலி உச்சிக்கு ஏறியபின் போட்டால் கேட்காது. டாக்டர் சரி என்றால் ஆரம்பத்திலேயே, சாப்பிட்டபின் போட வேண்டும். மெடிக்கலில் நாமே வாங்கிப் பாதி பாதியாகக் கொடுப்பது வேண்டாம். 2023 கடைசியில் இந்திய மருந்தியல் ஆணையம் இந்த மருந்தைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அரிதாகச் சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டுதல் என்று கடுமையான ஒவ்வாமை வரும், உள்ளுறுப்புகளையும் தாக்கும். ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்குமேல் தொடர்ந்தால், எழுந்து நின்றால் கண் இருட்டினால், நெஞ்சு படபடத்தால், அப்பாயின்ட்மென்ட் பார்க்காமல் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நடு ராத்திரியானாலும் சரி.

உளுந்தங்களியை நிறுத்த வேண்டாம், நல்ல சாப்பாடு. ஆனால் மாதாமாதம் போகும் இரும்பைக் களியால் ஈடுகட்ட முடியாது. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் தரும் நீல இரும்பு மாத்திரை, குறை வராமல் தடுக்கக் கொடுப்பது. குறை வந்தபின் டாக்டர் தரும் அளவு வேறு. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி, பால் வேண்டாம், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள்.

ராஜபாளையம் அம்மா:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். நீங்கள் எழுதியதை மகளிடமே படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்து, "அம்மா, எனக்கும் பல் துலக்கினா ரத்தம் வரும், எல்லாருக்கும் வரும்னு நெனச்சேன்" என்றாள்.

கணக்கை அவளே போட்டாள். முழுதாக நனைந்தது 8, பாதி 11, லேசாக 15. பெரிய கட்டி 4, சின்னது 6. கூட்டினால் 256. அம்மாவிடம் போனில் கேட்டேன். கர்ப்பப்பையில் கட்டி ஒன்றும் இல்லையாம், ரத்தம் நிற்கவில்லை என்றுதான் எடுத்தார்களாம். என் பிரசவத்திலும் எனக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் இந்த மூன்றையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

ஹீமோகுளோபின் 8.1, ஃபெரிட்டின் 5. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, தைராய்டும் சரியாக இருக்கிறது. உள்ளே கைவைத்துப் பார்க்கவில்லை. இரும்பு மாத்திரையும் டிரானெக்ஸாமிக்கும் தந்திருக்கிறார்கள், ரத்தவியல் பிரிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வரும் திங்கள் போகிறோம், நானும் பரிசோதனை கொடுக்கப் போகிறேன். தலைமையாசிரியரிடம் டாக்டர் கடிதத்தை அவள் அப்பாவே கொண்டுபோய்க் கொடுத்தார். அரையாண்டுத் தேர்வில் கதவோரம் இடம், கேட்டால் உடனே பாத்ரூம் போகவிடுவார்கள்.

காரைக்குடி அக்கா, ஒரே ஒரு சந்தேகம். தேர்வு நாள் என்றால் அந்த டிரானெக்ஸாமிக் மாத்திரையை முந்தின நாளே போடலாமா?

காரைக்குடிக்காரி:

வேண்டாம் தங்கச்சி. போக்கு ஆரம்பித்த பிறகுதான், எழுதிக் கொடுத்த நாட்களுக்கு மட்டும். என் மகள் பன்னிரண்டாவது எழுதும்போது ஜாமெட்ரி பாக்ஸிலேயே ஒரு பட்டை வைத்திருந்தாள். உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். திங்கட்கிழமை போகும்போது அந்தக் காலண்டர் தாளை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.