புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டா டிஸ்ப்ளே வரல, பழைய கார்டுல நல்லா ஓடுது, உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம் மக்களே, ரெண்டு நாளா மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கேன். புது கார்டு மாட்டி பவர் பட்டன அமுக்கினா கேபினட் ஃபேன் எல்லாம் சுத்துது, கார்டோட ஃபேன் மட்டும் ஒரு நாலு செகண்ட் சுத்திட்டு நின்னுடுது, மானிட்டர்ல நோ சிக்னல்னு வந்துட்டு கருப்பாயிடுது. மதர்போர்டு ஓரத்துல சின்னச்சின்னதா நாலு எல்இடி இருக்குல்ல, அதுல விஜிஏன்னு போட்டது, அதாவது கிராஃபிக்ஸ் கார்டுல கோளாறுன்னு காட்டுறது, அணையாம எரிஞ்சுக்கிட்டே இருக்கு. பழைய கார்ட திருப்பி மாட்டினா ஒரு பிரச்சனையும் இல்லாம விண்டோஸ் வந்துடுது. பவர் சப்ளை 650 வாட். ஆசையா காசு சேத்து வாங்கினது, கார்டு செத்துப்போச்சான்னு பயமா இருக்கு.

பதில் 1:
முதல்ல மானிட்டர் கேபிள் கார்டுலதான் சொருகியிருக்கான்னு பாருங்க, மதர்போர்டுல இருக்குற எச்டிஎம்ஐல இல்ல. அடுத்தது பவர். மதர்போர்டுல கார்டு சொருகுற ஸ்லாட்ல இருந்து 75 வாட் வரைக்கும்தான் கிடைக்கும், மிச்சம் பவர் கேபிள்லதான் வரணும், ஒரு 8 பின் கனெக்டருக்கு 150 வாட் கணக்கு. ரெண்டு 8 பின் இருந்தா ரெண்டு தனி கேபிள் இழுத்துடுங்க. இன்னொண்ணு, கேபிள்கள கழட்டி மாட்டுற மாடுலர் பவர் சப்ளைன்னா வேற சப்ளையோட கேபிள எடுத்து போட்டுடாதீங்க, பாக்க ஒரே மாதிரி பொருந்தும், உள்ள ஒயர் வரிசை மாறியிருந்தா போர்டே போயிடும்.

கேட்டவர்:
கேபிள் கார்டுலதான் இருக்கு. பவருக்கு ஒரே கேபிள்ல இருந்து பிரிஞ்சு வர்ற ரெண்டு தலையத்தான் போட்டிருந்தேன், இப்ப தனித்தனியா போட்டுட்டேன், ஆனா அதே நிலைமதான்.

பதில் 2:
ஃபேன் நின்னுடுதுன்னு பயப்படாதீங்க நண்பா, இப்ப வர்ற நிறைய கார்டுல சூடு ஏறாத வரைக்கும் ஃபேன் சுத்தாது, ஆன் பண்ணதும் ஒரு சுத்து சுத்திட்டு நிக்கிறது சாதாரணம்தான். உங்க ப்ராசஸர்ல உள்ளேயே கிராஃபிக்ஸ் உண்டா? இன்டெல்ல மாடல் நம்பர் கடைசில எஃப் போட்டிருந்தா இருக்காது. இருந்தா கார்ட கழட்டிட்டு மதர்போர்டு எச்டிஎம்ஐல மானிட்டர போட்டு பயாஸ் (மதர்போர்டோட அடிப்படை செட்டிங் இருக்குற இடம்) உள்ள போங்க, பயாஸ் அப்டேட் பண்ணிட்டு திரும்ப முயற்சி பண்ணுங்க.

கேட்டவர்:
எஃப் இல்ல, கார்டு இல்லாம டிஸ்ப்ளே உடனே வந்துடுச்சு. பயாஸ் அப்டேட்டும் பண்ணியாச்சு, செட்டிங் பழையபடி ஆகட்டும்னு மதர்போர்டு பேட்டரிய கழட்டி அஞ்சு நிமிஷம் விட்டும் பாத்துட்டேன். புது கார்ட மாட்டினா மறுபடியும் விஜிஏ லைட்டு. ஸ்லாட்ல சரியா உக்காரலையோன்னு கூட பாக்க முடியல, ஏன்னா கார்டு நேரா ஸ்லாட்ல இல்ல, கண்ணாடிப் பக்கம் தெரியுற மாதிரி ரைசர் கேபிள் (ஸ்லாட்டையும் கார்டையும் இணைக்குற நீட்டிப்பு கேபிள்) போட்டு நிமித்தி வச்சிருக்கேன், அந்த ரைசர் பழைய கார்டுக்கு நாலு வருஷமா நல்லாத்தான் ஓடுது.

பதில் 3:
இத முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி! அந்த ரைசர் பெரும்பாலும் ஜென் 3 பிசிஐஇக்கு (கார்டும் மதர்போர்டும் பேசிக்கிற இணைப்போட மூணாவது தலைமுறைக்கு) செஞ்சதா இருக்கும். உங்க பழைய கார்டும் ஜென் 3, அதனால ஒத்துப்போச்சு. புது கார்டு ஜென் 4, அதுல ஒவ்வொரு லேன்லயும் (டேட்டா போற பாதை) வேகம் அப்படியே ரெண்டு மடங்கு. ஆன் பண்ணதும் கார்டும் மதர்போர்டும் பேசி "ரெண்டு பேருமே ஜென் 4, அந்த வேகத்துலயே போவோம்"னு முடிவு பண்ணிக்கும், நடுவுல கிடக்குற கேபிள் அத தாங்குமா தாங்காதான்னு ரெண்டுக்குமே தெரியாது, சிக்னல் கெட்டுப்போய் டிஸ்ப்ளே வராம நின்னுடும். கார்டு மேல சந்தேகமே படாதீங்க. ரைசர கழட்டிட்டு நேரா ஸ்லாட்ல போடுங்க, ஓரத்துல இருக்குற கிளிப்பு டக்குனு விழுற சத்தம் கேக்கணும், தங்க நிறப் பட்டை எங்கயும் சாய்ஞ்சு வெளிய தெரியக்கூடாது. டிஸ்ப்ளே வந்ததும் பயாஸ்ல அந்த ஸ்லாட்டோட பிசிஐஇ வேகம் ஆட்டோன்னு இருக்கும், அத ஜென் 3ன்னு மாத்தி சேவ் பண்ணி, மெஷின ஆஃப் பண்ணி பவர் ஒயர உருவிட்டு அப்புறம் ரைசர மாட்டுங்க.

கேட்டவர்:
வந்துடுச்சு அண்ணா!! நேரா ஸ்லாட்ல வச்சு அமுக்கினதும் டக்குனு சத்தம், ஆன் பண்ணேன், விஜிஏ லைட்டு ஒரு தடவ மினுக்கிட்டு அணைஞ்சுது, அடுத்த செகண்ட்ல லோகோ. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. ஜென் 3 மாத்திட்டு ரைசரோடயும் பாத்துட்டேன், ஒரு மணி நேரமா கேம் ஓடுது, ஒரு தடவகூட நிக்கல. ஜென் 3ல விட்டா வேகம் ரொம்ப குறையுமா?

பதில் 3:
சந்தோஷம் தம்பி. உங்க கார்டு 16 லேன் முழுசா உபயோகிக்கிற கார்டுன்னா கேம்ல வித்தியாசம் தெரியுற அளவுக்கு இருக்காது, 8 லேன், 4 லேன் மட்டும் இருக்குற கார்டுலதான், அதுவும் கார்டோட மெமரி நிறைஞ்சு வழியும்போது, கொஞ்சம் அடி வாங்கும். ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, பயாஸ் அப்டேட் பண்ணாலோ பேட்டரிய கழட்டினாலோ அந்த செட்டிங் திரும்ப ஆட்டோவுக்கு போயிடும், மறுபடியும் இதே கருப்பு ஸ்கிரீன் வரும்.

கேட்டவர்:
இப்பவே ஒரு சீட்டுல எழுதி கேபினட் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிட்டேன் அண்ணா. ஜென் 4 ரைசர் வாங்கினதும் கிழிச்சுடுறேன்.